உயிரேட்டைச் செப்பனிடும் நொதிகள்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

25 ஆண்டுகளாகக் கல்வி ஒன்றையே கருவியாகக் கொண்டு தொண்டாற்றி வரும் நம் சங்கத்தின் வெள்ளி விழாவில் பேசும் வாய்ப்பினை நல்கிய பொறுப்பாளர்களுக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். இத்தகைய விழாக்களில் சமுதாய முன்னேற்றம், இட ஒதுக்கீடு, வேலைவாய்ப்பு ஆகியன பற்றிப் பேசுவது மரபு. அவை பற்றிப் பேசவல்ல பெரியோர் பலர் மேடையில் வீற்றிருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ, டி.என்.ஏ. எனும் மரபுப் பொருளைச் செப்பனிடவும் மாற்றியமைக்கவும் பயன்படும் நொதிகள் என்பதாகும்.

கலைப்பட்டம் பெற்ற ஒரு தலைமையாசிரியருக்கு இப்பொருள் எதற்கு என்றும், மாலைநேர வகுப்பில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதனால் ஆவதென்ன என்றும் சிலர் வினவக்கூடும். காரணங்கள் இரண்டு உள. பிறப்பினாலேயே ஒருவன் உயர்ந்தவன், மற்றொருவன் தாழ்ந்தவன் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்துள்ளது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது எது என்பதை விளக்கும் அறிவியலை வேறெவரினும் நாம் நன்கறிந்திருத்தல் வேண்டும். இது முதற்காரணம். இனி வரும் மருந்துகளும் தடுப்பூசிகளும் பெரும்பாலும் இந்நொதிகளைக் கையாளத் தெரிந்தவர்களின் கைகளிலேயே உருவாகும். அக்கைகளுள் நம் பிள்ளைகளின் கைகளும் இருத்தல் வேண்டும். இது இரண்டாவது காரணம்.

நான்கெழுத்து ஏடு

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் டி.என்.ஏ. எனும் மெல்லிழை சுருண்டு கிடக்கிறது. ஒரே செல்லில் உள்ள இழைகளை நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும். முறுக்கிய ஏணி போன்ற அதன் வடிவத்தை, ரோசலிண்ட் பிராங்ளின் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களின் துணையோடு, வாட்சன், கிரிக் ஆகிய இருவர் 1953ஆம் ஆண்டில் கண்டறிந்தனர்.

இந்த ஏணியின் படிகளே உயிரின் எழுத்துகள். தமிழுக்கு 247 எழுத்துகள் உள. உயிரேட்டிற்கோ அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என நான்கே எழுத்துகள். அடினைனுக்கு எதிரில் தைமினும், குவானைனுக்கு எதிரில் சைட்டோசினும் மட்டுமே அமரும். தாய் வழியே ஒரு தொகுதி, தந்தை வழியே ஒரு தொகுதி என நாம் பெறும் இரு தொகுதிகளில், ஒவ்வொன்றிலும் சுமார் 300 கோடி எழுத்திணைகள் உள்ளன.

நொதி என்பது யாது? உயிர்ச்செயல்களை விரைவுபடுத்தும் புரதமே நொதி. சோற்றை நெடுநேரம் மென்றால் சற்றே இனிக்கிறதன்றோ? உமிழ்நீரில் உள்ள நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குவதே அதற்குக் காரணம். உமிழ்நீரில் ஒரு நொதி இருப்பதுபோல், உயிரேட்டைப் படியெடுக்கவும், பிழை திருத்தவும், கிழிந்த இடத்தை ஒட்டவும் செல்லுக்குள் தனித்தனி நொதிகள் உள்ளன.

படியெடுப்பதும் பிழை திருத்துவதும்

ஒரு செல் இரண்டாகப் பிரியுமுன் ஏடு முழுவதும் படியெடுக்கப்படல் வேண்டும். இப்பணியைச் செய்யும் டி.என்.ஏ. பாலிமரேஸ் எனும் நொதியை அமெரிக்காவில் ஆர்தர் கோர்ன்பெர்க் 1956ஆம் ஆண்டில் பிரித்தெடுத்து, 1959இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய தந்தையார் நியூயார்க் நகரில் தையற்கூடங்களில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் தையற்பொறி மிதித்தவர். உடல்நலம் குன்றிய பின் சிறு கடை வைத்தார். அக்கடையில் 9 வயது முதல் உதவி நின்ற சிறுவரே பின்னாளில் இந்நொதியைக் கண்டவர்.

பாலிமரேஸ் நொதி எழுதிக்கொண்டே செல்லும்போது தவறான எழுத்தொன்று அமர்ந்தால், தானே ஓர் அடி பின்வாங்கி அதனை நீக்கிவிட்டு மீண்டும் எழுதும். நன்கு பயின்ற மாணவன் விடைத்தாளைத் தந்திடுமுன் தானே ஒருமுறை சரிபார்ப்பது போன்றது இது. இதற்கும் தப்பிய பிழைகளைத் திருத்த ஆசிரியர் வேண்டுமன்றோ? பொருந்தா எழுத்துகளைத் திருத்தும் மற்றொரு நொதித்தொகுதி அந்த ஆசிரியர் வேலையைச் செய்கிறது. இது படியெடுப்பில் நேரும் பிழைகளை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது.

இதில் ஓர் ஐயம் எழும். எதிரெதிரே இரு எழுத்துகள் பொருந்தாதிருப்பின், எது மூலம், எது படி என்பதை நொதி எவ்வாறு அறியும்? பாக்டீரியாவில் பழைய இழையின்மீது மெத்தில் எனும் சிறு வேதிக் குறிகள் இடப்பட்டிருக்கும். புதிய இழையில் அக்குறிகள் உடனே விழுவதில்லை. குறியில்லாத இழையே படி என உணர்ந்து, அதிலுள்ள எழுத்தையே நொதி திருத்துகிறது. இதனைப் படிப்படியாக ஆராய்ந்து, 1989இல் ஆய்வுக்குழாயிலேயே நிகழ்த்திக் காட்டியவர் பால் மோட்ரிச். அவருடைய தந்தையார் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் உயிரியல் ஆசிரியராக இருந்தவர். டி.என்.ஏ. பற்றிக் கற்கும்படி 1963இல் மகனுக்கு அவர் கூறிய ஒரு சொல்லே விதையாயிற்று. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இச்செய்தி பெருமகிழ்ச்சி தருகிறது.

பழுதும் பழுது நீக்கமும்

எழுதும்போது நேரும் பிழை ஒருபுறமிருக்க, எழுதி வைத்த ஏடும் தானே பழுதுறும். ஒரு செல்லில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான இடங்களில் டி.என்.ஏ. தானாகவே சிதைகிறது என்பதை 1970களில் சுவீடன் நாட்டு அறிஞர் தோமஸ் லிண்டால் கணக்கிட்டுக் காட்டினார். அதுவரை டி.என்.ஏ. அசைவற்ற, உறுதிமிக்க பொருள் எனவே கருதப்பட்டது. இவ்வளவு சிதைவு நேர்ந்தும் உயிர் நிலைக்கிறதெனில், அதனைச் செப்பனிடுவோர் உள்ளே இருந்தே தீரவேண்டும் என அவர் முடிவு செய்தார். தேடினார், 1974இல் முதல் நொதியைக் கண்டார். சைட்டோசின் எழுத்து சிதைந்து யுராசில் எனும் தகாத எழுத்தாக மாறும்போது, அவ்வெழுத்தை மட்டும் கிள்ளியெடுக்கும் நொதி அது. பள்ளி நாளில் வேதியியலில் தேர்ச்சி பெறாதவர் தாம் என லிண்டால் பிற்காலத்தில் தாமே கூறியுள்ளார். வேதியியலுக்கான நோபல் பரிசே அவருக்குக் கிடைத்தது. ஒரு தேர்வில் தவறியதும் படிப்பையே விட்டுவிட எண்ணும் தம்பிகள் இதனை நினைவில் கொள்க.

அடுத்து, நம் மக்களுக்கு மிகவும் தொடர்புடைய ஒரு பழுதைக் காண்போம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலின் செல்களில் படும்போது, அடுத்தடுத்துள்ள இரு தைமின் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவ்விடத்தில் ஏட்டைப் படிக்க இயலாது. வயலிலும் கட்டட வேலையிலும் நாளெல்லாம் வெயிலில் நிற்கும் நம் மக்களின் தோலில் இது ஓயாது நிகழ்கிறது. ஆயினும் செல்லின் நொதிகள் பழுதுற்ற துண்டை இருபுறமும் வெட்டியெடுத்து, புதிய எழுத்துகளை நிரப்பி, முனைகளை ஒட்டிவிடுகின்றன. கிழிந்த பாயில் நைந்த கோரையை உருவிவிட்டுப் புதுக்கோரை செருகி முடைவது போன்றதே இவ்வேலை.

இதனைப் பாக்டீரியாவில் 1983ஆம் ஆண்டில் தெளிவுறுத்தியவர் அசீஸ் சன்சார். இவருடைய வரலாற்றை இளைஞர்கள் ஊன்றிக் கேட்க வேண்டும். துருக்கி நாட்டின் தென்கிழக்கே சாவூர் எனும் சிற்றூரில் 1946இல், எட்டுப் பிள்ளைகளுள் ஏழாவதாக அவர் பிறந்தார். பெற்றோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். எனினும் பிள்ளைகள் அனைவரும் கற்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர்கள். மருத்துவப் பட்டம் பெற்று, சொந்த ஊரிலேயே மருத்துவராகப் பணியாற்றிய பின், ஆராய்ச்சியின்பால் விருப்பங்கொண்டு அமெரிக்கா சென்றார். 1977இல் முனைவர் பட்டமும் பெற்றார். அதன்பின் மூன்று ஆய்வகங்களில் இடம் கேட்டும் கிடைக்கவில்லை. எனவே ஏல் பல்கலைக்கழகத்தில் ஆய்வக உதவியாளர் வேலையை ஏற்று, அவ்வேலையில் இருந்துகொண்டே இந்நொதிகளை ஆராய்ந்தார். லிண்டால், மோட்ரிச், சன்சார் ஆகிய மூவரும் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். எழுத்தறியாத் தாய்தந்தையர் வீட்டிலிருந்து அறிவியலின் உச்சிவரை செல்லலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இந்நொதிகள் பிறவியிலேயே குறைவுபட்டவர்களும் உள்ளனர். அவர்களுக்கு வெயில் பட்ட தோலில் இளமையிலேயே புற்றுநோய் தோன்றும். செப்பனிடும் ஆற்றல் இன்மையே இதற்குக் காரணம் என்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார். ஆகவே நொதிகளின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை உணர்தல் வேண்டும். பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை ஆகியவற்றில் உள்ள நச்சுப்பொருள்கள் டி.என்.ஏ.வில் ஒட்டியும் அதனைச் சிதைத்தும் பழுது செய்கின்றன. நொதிகள் அப்பழுதை நீக்க முயல்கின்றன. நாள்தோறும் பழுதின்மேல் பழுது சேர்த்துக்கொண்டே போனால் திருத்தப்படாதவை எஞ்சி நிற்கும். அவையே வாய்ப்புற்றாகவும் நுரையீரற்புற்றாகவும் முளைக்கும். இரவெல்லாம் மடையை அடைப்பவன் ஒருவன், வெட்டிவிடுபவர் பத்துப் பேர் என்றால் ஏரியில் நீர் நிற்குமா? உழைத்த களைப்புத் தீரப் புகையிலை போடுகிறோம் என்னும் பெரியோர்க்கும், நண்பர் தூண்டுதலால் அதனைத் தொடும் இளைஞர்க்கும் நாம் பணிவுடன் விடுக்கும் வேண்டுகோள், அதனை இன்றே கைவிடுக என்பதே.

வெட்டும் நொதியும் ஒட்டும் நொதியும்

இதுவரை இயற்கை செய்யும் வேலையைக் கண்டோம். இந்நொதிகளையே மனிதன் கருவிகளாக்கிக் கொண்ட வரலாறு இனி.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரசுகள் உண்டு. தன்னுள் நுழையும் வைரசின் டி.என்.ஏ.வை வெட்டியெறிய பாக்டீரியா ஒருவகை நொதியைக் கொண்டுள்ளது. தன் சொந்த ஏடு வெட்டுப்படாதிருக்க, முன்சொன்ன மெத்தில் குறியை அதன்மேல் முத்திரையாக இட்டுக்கொள்கிறது. முத்திரையில்லாதது அயலானின் ஏடு. இதனை 1960களில் சுவிட்சர்லாந்தின் வெர்னர் ஆர்பர் விளக்கினார். குறித்த எழுத்துத்தொடரை மட்டுமே தேடி வெட்டும் நொதியை 1970இல் ஹாமில்டன் ஸ்மித் கண்டார். டேனியல் நேதன்ஸ் அதனைக் கொண்டு ஒரு வைரசின் ஏட்டைத் துண்டுகளாக்கி வரைபடம் வரைந்தார். மூவருக்கும் 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்நொதிகள் தேடும் தொடர்களில் ஒரு நயம் உண்டு. ‘விகடகவி’ எனும் சொல்லை எப்பக்கமிருந்து படித்தாலும் அதுவே வரும். நம் புலவர்கள் இவ்வகையில் மாலைமாற்று என்றே ஒரு கவிவகை யாத்தனர். ஈக்கோ-ஆர்-1 எனும் நொதி வெட்டும் இடத்தில் குவானைன், அடினைன், அடினைன், தைமின், தைமின், சைட்டோசின் என ஆறு எழுத்துகள் இருக்கும். எதிர் இழையை அதன் திசையில் படித்தாலும் அதே ஆறு எழுத்துகளே அதே வரிசையில் வரும். நொதி இவ்விடத்தை நேராக வெட்டாமல் படிப்படியாக வெட்டுவதால், முனைகளில் நான்கெழுத்து நீட்டிக்கொண்டு நிற்கும். அதே நொதியால் வெட்டப்பட்ட எந்த உயிரின் துண்டும் அம்முனையோடு பொருந்தும்.

பொருந்திய முனைகளை நிலையாக இணைப்பது லைகேஸ் எனும் நொதி. இது 1967இல் பல ஆய்வகங்களில் கண்டறியப்பட்டது. வெட்டும் நொதி கத்தரி எனில், லைகேஸ் ஊசியும் நூலும் ஆகும். முனையில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி ஒன்றும், நீக்கும் நொதி ஒன்றும் இவற்றிற்குத் துணை நிற்கின்றன. இக்கருவிகளைக் கொண்டு 1972இல் பால் பெர்க் இருவேறு உயிர்ப்பொருள்களின் டி.என்.ஏ.வை இணைத்தார். 1973இல் கோஹென், பாயர் ஆகியோர் இணைத்த டி.என்.ஏ.வைப் பாக்டீரியாவில் செலுத்திப் பெருகச் செய்தனர்.

இவ்வரலாற்றில் நம் நாட்டில் பிறந்தவர் ஒருவருக்குப் பேரிடம் உண்டு. ஹர்கோவிந்த் கொரானா 1922இல் அன்றைய பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூர் எனும் சிற்றூரில் பிறந்தார். சுமார் நூறு பேர் வாழ்ந்த அவ்வூரில் எழுத்தறிந்த குடும்பம் ஏறத்தாழ அவருடையது ஒன்றே. தொடக்கக் கல்வியை மரத்தடியில் கற்றார். அரசு உதவித்தொகை பெற்று 1945இல் இங்கிலாந்து சென்றார். மரபெழுத்தைப் படித்தறியும் ஆய்வுக்காக 1968இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், சிறுசிறு துண்டுகளை வேதிமுறையில் ஆக்கி, லைகேஸ் நொதியால் இணைத்து, 1970இல் முழு மரபணு ஒன்றையே செயற்கையாக உருவாக்கினார். மரத்தடிப் பள்ளியும் அரசு உதவித்தொகையும் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

மக்களுக்குக் கிடைத்த பயன்

நீரிழிவு நோயாளர் இட்டுக்கொள்ளும் இன்சுலின் முன்பு மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1978இல் மனித இன்சுலினுக்குரிய மரபணுவைப் பாக்டீரியாவில் இணைத்து அதனை உருவாக்கினர். 1982இல் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது.

வெந்நீர் ஊற்றுகளில் வாழும் பாக்டீரியா ஒன்றை 1960களில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் தாமஸ் பிராக் கண்டார். அதன் பாலிமரேஸ் நொதி வெப்பத்தால் கெடாது. ஒரு டி.என்.ஏ. துண்டைச் சூடாக்கிப் பிரித்தும் படியெடுத்தும் கோடிக்கணக்காகப் பெருக்கும் முறையைக் கேரி மல்லிஸ் 1983இல் எண்ணினார். அந்நொதி சேர்ந்தபின் அம்முறை எங்கும் பரவியது. 2020இல் கொரோனா பரவியபோது மூக்கிலும் தொண்டையிலும் குச்சிவிட்டு எடுத்தார்களே, அந்த ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனை இதுவே. வைரசின் ஆர்.என்.ஏ.வை முதலில் டி.என்.ஏ.வாகப் பெயர்த்தெழுதும் நொதியை டெமினும் பால்டிமோரும் 1970இல் கண்டிருந்தமையால்தான் அச்சோதனை கைகூடிற்று.

விலை பற்றியும் சொல்லியாக வேண்டும். மஞ்சட்காமாலையின் ஒருவகையான ஹெபடைட்டிஸ் பி நோய்க்கான தடுப்பூசி இறக்குமதியாகி, ஏழைகளுக்கு எட்டாத விலையில் விற்றது. 1997இல் ஐதராபாத்தில் மரபணு இணைப்பு முறையிலேயே அதனைத் தயாரித்த பின் விலை பெரிதும் வீழ்ந்தது. இன்று நம் குழந்தைகளுக்கு அரசு அதனை இலவசமாகப் போடுகிறது.

இனி அரிவாள் அணு இரத்தசோகை எனும் நோயைப் பாருங்கள். ஏட்டில் ஓர் அடினைன் இருக்கவேண்டிய இடத்தில் தைமின் அமர்ந்த ஒற்றைப் பிழையே அந்நோய்க்கு மூலம். இந்தியாவில் அது முதன்முதலாக 1952இல் நம் நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடையே கண்டறியப்பட்டது. நாட்டின் பல பகுதிகளில் பழங்குடியினரும் பட்டியல் சாதியினரும் அதனால் வருந்துகின்றனர். குறித்த இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் காஸ்-9 எனும் நொதியை 2012இல் கருவியாக்கிய ஷார்பென்டியே, டவுட்னா என்னும் இரு பெண் அறிவியலாளர் 2020இல் நோபல் பரிசு பெற்றனர். அந்நொதியைக் கொண்டு இந்நோயைத் தீர்க்கும் மருத்துவத்திற்கு 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அமெரிக்காவில் அதற்கு அறிவிக்கப்பட்ட விலை ஒருவருக்கு 22 இலட்சம் டாலர்! நோய் குடிசையில் இருக்கிறது. மருந்து மாளிகையில் இருக்கிறது. தில்லியில் உள்ள அரசு ஆய்வு நிறுவனத்தில் நம் நாட்டு அறிவியலாளர்கள் குறைந்த செலவில் இதனைச் செய்யும் வழியை ஆராய்ந்து வருகின்றனர். நோயின் துன்பத்தை அருகிருந்து கண்டவர் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களோடு சேர்வதே முறை.

பிறப்பு எனும் வாதம்

தொடக்கத்தில் கூறிய முதற்காரணத்திற்கு மீள்வோம். எந்த இரு மனிதரின் ஏட்டை ஒப்பிட்டாலும் ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒன்றாகவே இருக்கும். மனித மரபணுவைப் பாக்டீரியாவில் வைத்தால், அதுவும் பிழையின்றிப் படித்து மனித இன்சுலினையே ஆக்கித் தருகிறது. கண்ணுக்குத் தெரியாத உயிரும் மனிதனும் ஒரே எழுத்தைப் படிக்கும்போது, மனிதருள் தூய இரத்தம், தீண்டத்தகாத இரத்தம் எனப் பிரித்தது அறிவுடைமையோ? சாதி இரத்தத் தூய்மையைக் காக்கும் எனும் வாதத்தை டாக்டர் அம்பேத்கர் தம் ‘சாதி ஒழிப்பு’ நூலில் 1936ஆம் ஆண்டிலேயே மறுத்தார். டி.என்.ஏ.வின் வடிவம் உலகிற்குத் தெரியவந்தது அதற்கு 17 ஆண்டுகளுக்குப் பின்னரே. செப்பனிடும் நொதி யாருடைய செல்லிலும் குலம் கேட்டு வேலை செய்வதில்லை.

இளைஞர்க்கு

மேல்நிலை வகுப்பில் உயிரியலையும் வேதியியலையும் அஞ்சாது எடுத்துப் படியுங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் உயிரித்தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்குரிய உதவித்தொகையும், முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பட்டியல் சாதி மாணவர்க்கான தேசிய ஆய்வு உதவித்தொகையும் நம் உரிமைகள். விண்ணப்பிக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் முன்கூட்டியே பெற்று வையுங்கள். சங்க உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் மாணவர்களை அருகிலுள்ள கல்லூரியின் ஆய்வகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். நுண்ணோக்கியில் ஒரு செல்லைத் தன் கண்ணால் கண்ட பிள்ளை அதனை மறப்பதில்லை.

தையற்காரர் மகனும், எழுத்தறியாப் பெற்றோரின் மகனும், மரத்தடியில் கற்ற மாணவரும் இவ்வறிவியலுக்கு அடித்தளமிட்டனர். சங்கத்தின் பொன்விழா நடக்கும் நாளில், இம்மேடையில் இதே பொருள் பற்றி நம் பிள்ளை ஒருவர், தாமே செய்த ஆய்வைக் கொண்டு பேச வேண்டும். அதற்கான முயற்சியை இன்றே தொடங்குவோம்.